கால் படாத இடம்

மார்கழிக் காலையில் ராஜகோபாலன் பூஜையை முடித்துவிட்டு, மணையிலிருந்து எழுந்திருக்காமல், திரும்பியும் பார்க்காமல், செப்புக் கிண்ணத்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினார். அங்கே ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஜெயலட்சுமியின் கை வந்து வாங்கிக்கொண்டது. சாளக்கிராமம் குளித்த தண்ணீர். கொஞ்சம் பால், கொஞ்சம் சந்தனம், மழைக்காலத்திலேயே உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்திருந்த துளசியில் இரண்டு இலை. ஆளுக்கு ஒரு உத்தரணி உள்ளங்கையில் வாங்கிக் குடித்தது போக மிச்சத்தை என்ன செய்வது என்பது அவருடைய இலாகா இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின் வராந்தாக் கதவைத் திறந்தாள். பனிமூட்டத்தில் எதிர் பிளாக் இருக்கும் இடமே தெரியவில்லை. வராந்தாவின் மூலையில் இரும்பு ஸ்டாண்டின் மேல் உயரத்தில் இருந்த தொட்டியில் கிண்ணத்தை மெல்லச் சரித்தாள். ஈர விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உப்புமா கிண்டப் போனாள்.

தீர்த்தம் கால் படாத இடத்தில் சேர வேண்டும். அவளுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பல் தேய்ப்பது போல வந்துவிட்ட பழக்கம். இந்த வருஷம் ஆவணிவரை டில்லியிலேயே சரோஜினி நகரில் தரைத்தள வீடு. வேலியோரம் ஒரு மருதாணிப் புதர் இருந்தது, கவலை இல்லை. புரட்டாசியில் பிரமோஷனோடு லோதி ரோடு பக்கம் இந்த மாடி வீட்டுக்கு வந்தபிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. குளியலறையில் கொட்டக் கூடாது. எச்சில் தட்டு கழுவும் தொட்டியில் கூடவே கூடாது. வராந்தாவிலிருந்து கீழே ஊற்றினாள், ஒரே ஒரு நாள். கீழ்வீட்டு சோப்ரா அம்மாளின் காய்ந்த துணிமேல் விழுந்து, அந்த அம்மாள் படியேறி வந்து பேசிய பஞ்சாபியில் பாதி புரியாமல் போனது நல்லதாயிற்று. கரோல் பாகிலிருந்து துளசிச் செடி வாங்கி வைத்தாள். கார்த்திகைக் குளிருக்கே அது கருகிவிட்டது. பிறகுதான் இந்த ஸ்டாண்டு கண்ணில் பட்டது. யார் காலும் படாத உயரம், யாரும் கையால் தொடக்கூடாத தொட்டி. பெருமாளே காட்டிக் கொடுத்த இடம் என்றுதான் நினைத்தாள்.

தொட்டியில் இருந்தது ஆர்க்கிட். இருந்தது என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அந்த மாதங்களில் அதைப் பார்த்தால் பழைய கரும்புச் சக்கை ஏழெட்டைக் கரித்துண்டிலும் செங்கல் ஜல்லியிலும் குத்தி வைத்தது மாதிரி இருக்கும். ஷில்லாங்கில் உத்தியோகம் பார்த்துவிட்டு டில்லிக்குத் திரும்பும்போது ராஜகோபாலன் அதை ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெட்டிகளும் பெண்டாட்டியும் எதிர் ஸீட்டில் வந்தார்கள். போன பங்குனியில் அது கணுவுக்குக் கணு இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளியது. அவருடைய ஜாயிண்ட் செக்ரெட்டரி வேறு யாரோ சொல்லக் கேள்விப்பட்டு, அடுத்த தடவை பூக்கும்போது மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ராஜகோபாலன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தொட்டியைப் பார்த்து வந்தார்.

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலம் முழுவதும் தண்ணீரும் உரமுமாகக் குடித்துக் குச்சிகளைப் பருமனாக்கிக்கொள்ளும். குளிர் வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்போது தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும். காய்ந்து, சுருங்கி, குளிரில் நடுங்கிக் கிடந்தால்தான் வசந்தத்தில் பூ. இதை ராஜகோபாலன் விருந்தாளிகளுக்கு விளக்கும்போது முகத்தில் ஒரு ஒளி வரும். "சௌக்கியமா வெச்சேள்னா குட்டிதான் போடும். காயப் போட்டாத்தான் பூக்கும்" என்பார். ஆபீஸில் அவருக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் அவர் இந்த வைத்தியம்தான் செய்கிறார் என்று கேள்வி.

இலை கொட்டி முடிந்த அன்று பொன்னியைக் கூப்பிட்டு ஸ்டாண்டின் எதிரில் நிறுத்தினார். பொன்னிதான் வீட்டு வேலை, செடிகளுக்குத் தண்ணீர் எல்லாம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் பச்சைமுத்து, ஆசியாட் விளையாட்டு வரப்போகிறதென்று இரவு பகலாக எழும்பிக்கொண்டிருந்த ஸ்டேடியத்தில் ஜல்லி சுமந்தான். அதுவரை கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரமும் தார்பாலினுமாக ஒரு ஜுக்கியில் கிடந்தவர்களுக்கு, இந்த வீட்டோடு சேர்ந்த வேலைக்காரர் அறை கிடைத்தது. பிளாக்கின் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் கடைசி. செங்கல் சுவர், சிமெண்ட் கூரை, வாசலில் ஒரு படி, பொதுக்குழாய். விலாசம் என்று ஒன்று கிடைத்ததும் பொன்னி முதல் வேலையாக மகளை லோதி ரோட்டில் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். மகள் யூனிஃபாரத்தோடு போகும்போது படியில் நின்று, தெருமுனை திரும்பும்வரை பார்ப்பாள். ஜெயலட்சுமி மேலிருந்து அதைப் பார்ப்பாள்.

"ஒரு சொட்டு கூடாது. ஏக் பூந்த் பீ நஹி. புரியறதா?" என்றார் ராஜகோபாலன்.

செத்துப் போய்விடாதா என்று பொன்னி கேட்டாள். தூங்குகிறவன் வாயில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஜெயலட்சுமி பக்கத்தில்தான் நின்றிருந்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் கள்ளம் எதுவும் இல்லை. தண்ணீர் என்பது குழாயில் வருவது, பக்கெட்டில் பிடிப்பது, பூவாளியில் ஊற்றுவது. தீர்த்தம் தண்ணீர் ஆகாது. செடிக்குத் தண்ணீர் விட்டாயா என்று யாராவது அந்த மார்கழியில் கேட்டிருந்தால், சாளக்கிராமத்தின் மேல் கை வைத்து இல்லை என்று சொல்லியிருப்பாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பனி விலகிக் கொஞ்சம் வெயில் வந்ததும், மார்கழி முழுவதும் தூங்கும் செடியைத் தொடாமல் விட்டிருந்த ராஜகோபாலன் பூதக்கண்ணாடியோடு வராந்தாவுக்குப் போனார். கணுக்கள் வீங்கும் பருவம் அது. மொட்டா, வேறு ஏதாவதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு குச்சியாகக் கண்ணாடியை நகர்த்தினார். பிறகு பொன்னியைக் கூப்பிட்ட குரலில் கீழ்வீட்டு சோப்ரா அம்மாள்கூட வெளியே வந்து நின்றாள்.

கணுக்களில் மொட்டு இல்லை. குச்சிக்குக் குச்சி சின்னச் சின்னப் பச்சை இலைகள் விரிந்து, அவற்றின் அடியில் வெள்ளை வேர் மீசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் குட்டிச் செடி. ஒரு குச்சி அடியில் கறுத்து, அழுத்தினால் பிசுபிசுவென்று உள்ளே போயிற்று. ராஜகோபாலன் கரித்துண்டுகளுக்கு நடுவே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். ஈரம். ஒரே ஒரு குச்சி மட்டும், தொட்டியின் மறுகோடியில், சுருங்கிக் கிடந்தது.

கரியைக் கிளறியபோது மேலே வந்த ஒன்றை அவர் பார்க்கவில்லை. ஜெயலட்சுமி பார்த்தாள். ஒரு துளசி இலை. கறுத்துச் சுருண்டு, சந்தனம் ஒட்டி, ஜல்லிமேல் கிடந்தது. தீர்த்தமும் தண்ணீர்தான் என்பது அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் அவள் கை என்ன செய்தது என்பதை நினைத்து நினைத்துப் பிறகு பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சருகு எடுக்கிறவள் கை மாதிரி நீண்டு, அந்த இலையை எடுத்து, முஷ்டிக்குள் மூடிக்கொண்டது.

"நான் ஊத்தலைங்க ஐயா" என்றாள் பொன்னி.

"பின்ன யார் ஊத்தினா? நான் ஊத்தினேனா? இவ ஊத்தினாளா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் யாரும் போட்டுத்தர முடியாது. பொன்னி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சலாகவும் பார்க்கவில்லை. அடுத்து பேச வேண்டியவள் யார் என்று தெரிந்தவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஜெயலட்சுமி வாயைத் திறந்தாள்.

"குளிர்றது. உள்ள வாங்கோ" என்றாள்.

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று ராஜகோபாலன் சொன்னார். கத்தவில்லை. ஃபைலில் குறிப்பு எழுதுகிற குரலில் சொன்னார். செடி போனதுகூடப் பெரிதில்லை, பொய் சொல்வதுதான் தன்னால் தாங்க முடியாதது என்றும் சொன்னார். பொன்னி விளக்குமாற்றை எடுத்து, கீழே சிந்தியிருந்த கரித்தூளைப் பெருக்கினாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஜெயலட்சுமி ஒவ்வொரு நாளும் எழுந்தாள். காப்பி கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைப்பாள், அவர் பேப்பரைப் பிரித்துவிடுவார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று ரசத்தை இரண்டு தரம் ஊற்றுவாள். இதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரியும். அவர் அடிக்கிற மனுஷர் இல்லை, திட்டுகிறவரும் இல்லை. அவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஷில்லாங்கில் ஒரு தடவை, விருந்தாளிகள் எதிரில், இவர் மெட்ராஸுக்குத்தான் முயற்சி பண்ணினார், கிடைக்கவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஐப்பசியில் நின்ற பேச்சு, மகன் வேணு மூலமாக "அம்மாகிட்ட உப்பு கேளு", "அம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு" என்று குளிர்காலம் பூராவும் ஓடியது. பக்கத்தில் தமிழ் பேச ஆள் இல்லாத ஊர். பகலெல்லாம் தனியாகக் குழாயோடும் அடுப்போடும் பேசிக்கொண்டிருந்தாள். பங்குனியில் ஒரு நாள் வாசலில் நின்று, "மொட்டு விட்டிருக்கு, வந்து பாரு" என்றார். அதுதான் அவர் மறுபடி பேசிய முதல் பேச்சு. அதைக் கேட்டு அழுதபடி ஓடிப்போய் அந்தப் பாழாய்ப்போன மொட்டைப் பார்த்தவள்தான் அவள். இப்போது வேணுவும் காரக்பூரில் ஹாஸ்டலில் இருந்தான். உப்பு கேட்கக்கூட நடுவில் ஆள் இல்லை.

ஒரு பக்கம் அவளுக்கு வரப்போகும் சில மாத மௌனம். இன்னொரு பக்கம் தை மாதக் குளிரில் ஒரு குடும்பத்தின் கூரை. இரண்டில் எது கனம் என்று குழந்தைகூடச் சொல்லும். அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவளா நான் என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் தன்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் ஏற்பட்டதில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் பொன்னி பின்பக்கப் படியேறி, விடியுமுன் கிளம்பவேண்டும் என்று அறைச் சாவியை அன்றே கொடுக்க வந்தாள். ராஜகோபாலன் ஆபீஸுக்குப் போயிருந்தார். ஜெயலட்சுமி தயாராக மடித்து வைத்திருந்த ரஜாய்ப் போர்வையை எடுத்து நீட்டினாள். பழையதில்லை, வேணுவுக்கென்று அந்த வருஷம் தைக்கக் கொடுத்தது, நல்ல பஞ்சு. பொன்னி அதைத் தூக்கி எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எறியவில்லை. ஸ்டேடியத்துப் பக்கம் மறுபடி தார்பாலினுக்குள் படுக்கப்போகிறவள், குளிரில் இருமுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ரஜாயை எப்படி எறிவாள்? வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சாமி தண்ணிய நீங்க அதுல ஊத்துறத தெனமும் பாத்திருக்கேன்மா" என்றாள். "அடியில சொட்டுனத நான்தான தொடச்சேன். சாமி தண்ணிதானன்னு நானும் ஒண்ணும் சொல்லல."

"அவர்ட்ட நான் சொல்றேன் பொன்னி. சமயம் பாத்து கட்டாயம் சொல்றேன்" என்றாள் ஜெயலட்சுமி.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இன்னித் தேதி வரைக்கும் பாத்தேன்மா. சமயம் எப்பம்மா வரும்? நாளைக்கு நாங்க போறோம்."

பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று ஜெயலட்சுமி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அங்கிருந்து பஸ்ஸுக்கு ரோடு தாண்டி நடக்க வேண்டும், வழியெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அனுப்ப முடியாது என்று பொன்னி சொன்னாள். சாவியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கடைசிப் படிவரை ரஜாய் சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பூஜை முடிந்து செப்புக் கிண்ணம் தோளுக்கு மேலாக வந்தது. அவள் வாங்கிக்கொண்டு பின் வராந்தாவுக்குப் போய், ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சமையலறைத் தொட்டியில், அவர் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தாள். எச்சில் டம்ளர்களுக்கு நடுவே துளசி இலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டைக்குள் போயிற்று. அன்று அந்தத் தொட்டியை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். அடுத்த நாள், குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி கிண்ணத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கினாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அழுகிய குச்சியை வெட்டி எறிந்து, குட்டிகளையெல்லாம் கிள்ளிப் போட்டு, ராஜகோபாலன் தொட்டியைக் காயப் போட்டிருந்தார். மறுகோடியில் சுருங்கிக் கிடந்த அந்த ஒற்றைக் குச்சி, தீர்த்தம் எட்டாத குச்சி, கணுக்கணுவாகப் பூத்தது. போன வருஷத்தைவிடப் பெரிய பூ. வெளிவட்டம் இளஞ்சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு தொண்டை. தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வெட்டிய காயம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

ஜாயிண்ட் செக்ரெட்டரி ஜோதிலிங்கமும் அவர் மனைவியும் மாலை டீக்கு வந்தார்கள். ஜெயலட்சுமி வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். ராஜகோபாலன் காயப் போடும் தத்துவத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அதோடு ஒரு கதையும் சேர்ந்திருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வேலைக்காரி ஒருத்தி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தினமும் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றியவள், நேருக்கு நேர் கேட்டபோதும் கண் கொட்டாமல் பொய் சொன்னவள்.

"அவளை அனுப்பினேன். பூத்துடுத்து" என்றார். "இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? நீயே சொல்லு ஜெயா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜோதிலிங்கத்தின் மனைவி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம், நம் ஊர்ப் பெண்ணாயிற்றே என்றாள். நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் பொய் சொல்லலாமா என்றார் ராஜகோபாலன். ஜெயலட்சுமி சட்னிக் கிண்ணத்தை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவதைக் கேட்க அவளுக்கே கசந்தது. போகும்போது ராஜகோபாலன் ஒரு பூவைக் கத்தரித்து அந்த அம்மாளிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கத்தரித்து, யாரும் எதிர்பாராமல், மனைவியிடம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பனி இல்லை, வெளிச்சம் சீக்கிரமே வந்திருந்தது. பூவைப் பார்க்க வந்த ராஜகோபாலன், தொட்டி இப்போது கூடத்தில் இருக்கிறதென்பது மறந்து, பழக்கத்தில் பின் வராந்தாவுக்குப் போனார். கீழே, வேலைக்காரர் அறைகளின் வரிசையில் கடைசி வாசலில், கிண்ணத்தோடு மனைவி நிற்பது தெரிந்தது. அந்த அறையை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய ட்ரங்குப் பெட்டிகளையும் உடைந்த நாற்காலிகளையும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

"அங்க என்ன பண்றே?" என்று மேலிருந்து கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டேவிட்டார், இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

"தீர்த்தம் சேர்க்கறேன். இங்கதான் யார் காலும் படறதில்லை" என்றாள்.

"அச்சா" என்றார் அவர். நின்று கேட்க நினைத்தது போல ஒரு கணம் கம்பியைப் பிடித்தார். பிறகு பூவின் ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார்.

படியில் பொன்னி பொங்கலுக்குப் போட்ட கோலம் இன்னும் இருந்தது. காலனிக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் கேட்டு வாங்கிய சுண்ணாம்பில் போட்டது, சிமெண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு ஓரம் முழுவதும் இத்தனை நாள் தீர்த்தத்தில் கரைந்து போயிருந்தது. மிச்சம் பாதி தாமரை, நாலைந்து புள்ளி. ஜெயலட்சுமி கிண்ணத்தைச் சரித்தாள். பால் கலந்த தண்ணீர் கோலத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடி, ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டு நின்றது. துளசி இலை பூட்டிய கதவின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.